உருளையில் ஒரு கோடு

வெக்ஸ்போர்ட், ரொறன்ரோ
12.03.1993

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இங்கே நாங்கள் மூவரும் சுகம். மட்டக்களப்பில் நீங்கள் இருவரும் சுகமாக இருக்கப் பிள்ளையார் துணை நிற்கட்டும். அட்சயாவுக்கு ஏழு மாதம். தவழத் தொடங்கிவிட்டாள். கீழே கிடப்பதெல்லாம் வாய்க்குள் போகிறது. பகலெல்லாம் அவள் பின்னால் திரிந்து, அவள் படுத்த பிறகுதான் பேனை எடுக்கிறேன்.

ஒரு புதினம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் மிஸ்டர் டொபின் தை மாதம் காலமாகிவிட்டார். அவர் மேலே, நாங்கள் கீழே பேஸ்மென்றில். இரண்டு மாரியாக இவர்தான் அவருக்கு ஸ்னோ வழித்துக் கொடுத்தார், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். கிழவர் இவருக்கென்று ஒரு பெட்டி எழுதி வைத்திருந்தாராம். மகள் கொண்டுவந்து தந்தா. திறந்தால் உள்ளே பச்சை வெல்வெற்றில் ஒரு ரிவோல்வர்.

பயப்படாதீர்கள். கனடாவுக்கு நூறு வயதான 1967 இல் நினைவுப் பொருளாகச் செய்தது. சட்டப்படி பொலிசில் பதிந்து, பூட்டுப் போட்டுத்தான் வைத்திருக்கிறோம். இருபத்தாறு வருடம் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. சுட்டால் அதன் மதிப்புப் போய்விடுமாம். குண்டு போடும் உருளையைச் சும்மா சுற்றினாலே அதில் நூல் மாதிரி ஒரு கோடு விழுமாம், சுற்றவே வேண்டாம் என்று டொபின் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி உள்ளே வைத்திருக்கிறார். அவரும் கண்ணால்தான் பார்த்திருக்கிறார் போல.

எனக்கு அது வீட்டில் இருப்பது பிடிக்கவில்லை. இவருக்கோ பெரிய சந்தோசம். கார் வாங்கினால் காரோடும் சோபா வாங்கினால் சோபாவோடும் எல்லாரும் ஊருக்குப் படம் அனுப்புகிறார்கள்தானே, இவர் இதோடு நின்று எடுத்திருக்கிறார். குளிர்த் தொப்பியும் அதுவுமாகப் பார்க்கச் சிரிப்பு வருகிறது. பின்பக்கத்தில் அத்தானுக்கு ஒரு பகிடி எழுதியிருக்கிறார். பிள்ளை எழும்பிவிட்டாள். உறையை ஒட்டுகிறேன்.

அன்புத் தங்கை
கோபிகா

—

மட்டக்களப்பு
02.05.1993

அன்புத் தங்கை கோபிகாவுக்கு,

உனது 12.03.1993 ஆம் திகதிக் கடிதமும் புகைப்படமும் கிடைத்தன. நானும் உனது அத்தான் மாமாங்கமும் சுகமாக இருக்கிறோம். உங்கள் சுகத்தையும் அறிய விரும்புகிறேன்.

புகைப்படத்தில் உள்ள பொருளைப் பற்றிப் பின்வருவனவற்றைத் தெளிவாக எழுதவும். அதில் பொறித்துள்ள இலக்கம் என்ன, ஒரே தடவையில் எத்தனை குண்டு போடலாம், அதனோடு குண்டுகள் தரப்பட்டனவா, காலமானவர் யார், அவருடைய தொழில் என்ன, உன் கணவர் ஜனார்த்தனனிடம் இதுபோல வேறு உண்டா. எல்லாவற்றையும்விட, அது எப்போதாவது சுடப்பட்டதா, இனிமேல் சுடும் எண்ணம் உண்டா என்பதை எழுத வேண்டும்.

அத்தான் உங்களைக் கேட்டதாக எழுதச் சொன்னார்.

இப்படிக்கு
தவமலர்

—

வெக்ஸ்போர்ட்
25.05.1993

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் கண்டேன். சுகம் என்று எழுதியதைப் பார்த்து ஆறுதல். ஆனால் என்னக்கா, சோதனைப் பேப்பர் மாதிரிக் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள்? பள்ளிக்கூடத்தில் திருத்திய கையோடு எழுதினீர்களா? ‘என்ட கோபிக் கிளிக்கு’ என்று தொடங்காமல் நீங்கள் எனக்கு ஒரு கடிதமும் எழுதியதில்லை. சீனவெடிக்கே காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிற நீங்கள் இலக்கம் கேட்கிறீர்கள்.

கேட்டதற்குப் பதில்: இலக்கம் தனியாக ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். ஆறு குண்டு போடலாம். ஆனால் ஒரு குண்டும் தரவில்லை. மிஸ்டர் டொபின் ரயிலில் ரிக்கற் பார்த்தவர். வேறு எங்களிடம் எதுவும் இல்லை. ஒருநாளும் சுடவில்லை.

சுடும் எண்ணம் உண்டா என்று கேட்டீர்கள். எப்படித் தெரிந்தது? நான் எழுதவே இல்லையே. போன கிழமைதான் இவர் தொடங்கினார். அஜக்ஸ் பக்கம் சுட்டுப் பழகும் கிளப் ஒன்று இருக்கிறதாம், பொலிசில் பேமிற் எடுத்துக்கொண்டு போகலாமாம். “ஒரேயொருக்கா கோபி, ஒரு வெடி. பிறகு நீ சொல்ற மாதிரி வித்துப்போடுவம்” என்கிறார். செய்த நாள் தொட்டு ஒருவரும் தொடாததை ஏன் கெடுப்பான் என்று நான் கேட்டேன். எழும்பிப் போய்விட்டார்.

அக்கா, நேற்று அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உருளையில் ஒரு கோடு விழுந்திருக்கிறது. மயிர்போல, கால்வட்டம். முதல்நாள் அது இல்லை. நீங்கள் சுற்றினீர்களா என்று இவரைக் கேட்டேன். “நான் ஏன் தொடுறன்” என்றார்.

மேல்வீடு வெறுமையாகக் கிடக்கிறது. ஒருவரும் இல்லாத வீட்டுக்குக் கீழே இருப்பது ஒரு மாதிரித்தான். அத்தானை நாங்கள் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கோபிகா

—

மட்டக்களப்பு
01.07.1993

அன்புத் தங்கை கோபிகாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம்.

அதைச் சுட வேண்டாம். தயவுசெய்து சுட வேண்டாம். உருளையையும் சுற்ற வேண்டாம். எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும். இப்படியான பொருட்களைப் பற்றி அறிந்த ஒருவரிடம் காட்டி, இது ஒருபோதும் சுடப்படாதது, காட்சிக்கு வைக்கும் பொருள் என்று அவர் கையெழுத்திட்டு, முத்திரை குத்திய கடிதம் ஒன்றைப் பெற்று அனுப்பவும். தாமதிக்க வேண்டாம்.

அத்தானுக்கு அங்கே சாப்பாடு

அத்தான் நன்றாகச் சாப்பிடுகிறார்.

இப்படிக்கு
தவமலர்

—

வெக்ஸ்போர்ட்
26.07.1993

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம் என்றுதான் எழுத வேண்டும். எழுதுகிறேன். நீங்கள் என்னிடம் ஒருநாளும் ‘தயவுசெய்து’ என்று சொன்னதில்லை. சின்ன வயதில் காதைத் திருகித்தான் எல்லாம் சொல்லித் தந்தீர்கள். அந்தச் சொல்லைப் பார்த்ததில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ‘அங்கே’ என்று எழுதிவிட்டு, அதை அப்படியே விட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறீர்கள். அத்தான் எங்கே அக்கா? கொழும்புக்கு வேலை மாறிவிட்டாரா? என்னிடம் ஏன் மறைக்கிறீர்கள்?

நீங்கள் கேட்ட கடிதத்துக்கு ஆள் பிடித்துவிட்டேன். பழைய துப்பாக்கிகள் சேர்க்கும் ஒரு வெள்ளைக்காரர். இப்போது ஊரில் இல்லையாம். செப்ரெம்பர் 22 ஆம் திகதி வரச் சொன்னார்.

இன்னொன்று. அட்சயா நாக்கை மேலே ஒட்டி எடுத்து ‘டிக்’ என்று ஒரு சத்தம் போடப் பழகியிருக்கிறாள். அம்மா என்று வரவில்லை, அப்பா என்று வரவில்லை, இதுதான் வருகிறது. நான் சிரித்துக்கொண்டு இவருக்குக் காட்டினேன். இவருக்கு முகம் வெளுத்துப் போனது. அதற்குப் பிறகு பெட்டியைப் பார்த்தேன். கோடு இப்போது அரைவட்டத்தைத் தாண்டிவிட்டது.

இவருக்கு நித்திரை இல்லை. கனடா வந்த நாள் தொட்டு இதுதான். காதுக்குள் ஒரு சத்தம் நிற்கிறது என்பார். காது டொக்டர் ஒரு பழுதும் இல்லை என்கிறார். பிள்ளையின் தொட்டில் பக்கத்தில் கதிரை போட்டு விடியும்வரை இருப்பார். நான் நித்திரை போலக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். முந்தநாள் கேட்டேன். டிக். கொஞ்ச நேரம் போக இன்னொரு டிக். பிள்ளையா, இவரா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

உடனே பதில் போடுங்கள்.

கோபிகா

—

வெக்ஸ்போர்ட்
30.08.1993

அக்கா,

சுகமா? அத்தான் சுகமா? ஐந்து கிழமையாக உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. தபால்காரர் வரும் நேரம் பிள்ளையோடு வாசலில் நிற்கிறேன். ஒரு வரி போதும். உங்கள் கையெழுத்தில் ஒரு வரி.

கோபிகா

—

(கொழும்பில் தபாலிடப்பட்டது)
29.08.1993

என்ட கோபிக் கிளிக்கு,

இது நான் எழுதும் கடிதம். முந்தி வந்த இரண்டும் என் கை எழுதியவை. பக்கத்தில் ஒருவர் நின்று சொல்லச் சொல்ல எழுதினேன். இதை என்னோடு படிப்பிக்கும் அன்ரனெற் ரீச்சர் மடித்துச் சட்டைக்குள் வைத்துக் கொழும்புக்குக் கொண்டுபோகிறா. அவவுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவவை மறக்காதே.

சித்திரைப் புதுவருடத்துக்கு மூன்று நாள் முதல் ஆமிக்காரர் வந்து அத்தானைக் கூட்டிப் போனார்கள். ஒரு கையெழுத்து வைத்துவிட்டு வரலாம் என்றார்கள். அவர் உடுத்திருந்த சாரத்தோடு போனார்.

உன் முதல் கடிதம் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. முகாமில் மேசையில்தான் பார்த்தேன். படத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். பின்பக்கத்தில் ஜனா தம்பி எழுதியிருந்தார்: ‘அத்தான், உங்களுக்கும் ஒன்று அனுப்பவா?’ அது பகிடி என்று சொன்னேன். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருக்கிறார். நன்றாக வாசிக்கிறார். பகிடிதான் அவருக்கு விளங்கவில்லை.

அவர்கள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அலுமாரியில் வைக்கும் சாமான் என்றால் அது சுட்டிருக்கக் கூடாது. சுட்டது என்றால் ஆயுதம். ஆயுதம் என்றால் அத்தானுக்கும் அதற்கும் என்ன தொடர்பு. ஒவ்வொரு நாளும் அவரிடம் அதைத்தான் கேட்கிறார்களாம். சுட்டதா, சுடவில்லையா. கண்ணால் காணாத ஒன்றுக்காக அவர் ‘இல்லை, இல்லை’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். முத்திரையோடு கடிதம் வந்தால் விடலாம் என்று முகாம் பெரியவர் சொன்னார். சனிக்கிழமைகளில் சோறு கொடுக்க விடுகிறார்கள். பாத்திரம் திரும்பி வருகிறது. அதை வைத்துத்தான் ஆள் இருக்கிறார் என்று தெரிந்துகொள்கிறேன்.

இனித் தபாலில் நீ எழுதுவதெல்லாம் அந்த மேசைக்குப் போய்த்தான் என்னிடம் வரும். அதை நினைத்து எழுது. ஜனா தம்பியை ஏசாதே. குழந்தையைப் பெரியம்மா முத்தமிட்டதாகச் சொல்.

அக்கா

—

(தபாலில் போடாத கடிதம்)

வெக்ஸ்போர்ட்
22.09.1993

அக்கா,

இதை உங்களுக்கு அனுப்ப முடியாது. இன்றைக்கு எழுதாமல் இருக்கவும் முடியாது.

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அதற்கு முதல் சனிக்கிழமை இவர் அதைச் சுட்டுவிட்டார்.

இவரில் மட்டும் பழி போடமாட்டேன். நான்தான் ஓம் என்றேன். நீங்கள் பதில் போடவில்லை. பிள்ளை நாள் முழுக்க அந்தச் சத்தத்தையே போட்டுக்கொண்டிருந்தாள். கோடு முழுவட்டமாகிவிட்டது. ஒரு பின்னேரம் இவரைச் சுவரோடு நிறுத்திக் கேட்டேன். அப்போதுதான் சொன்னார், இந்த மூன்று வருடமாக எனக்குச் சொல்லாததை.

தொண்ணூறாம் ஆண்டு, ஊரில், சந்தியில் மறித்து இவரை முழங்காலில் இருத்தினார்களாம். நெற்றியில் வைத்து விசையை இழுத்தார்களாம். டிக் என்றதாம். உள்ளே குண்டு இல்லை. எல்லாரும் சிரித்துவிட்டு, எழும்பி ஓடு என்றார்களாம். “அண்டைக்கு அது வெடிக்கல்ல கோபி,” என்றார். “இன்னும் வெடிக்கல்ல. எப்ப வெடிக்கும் எண்டு கேட்டுக்கொண்டே இரிக்கன்.” பிள்ளையின் தொட்டிலடியில் இருந்து இரவிரவாக வெறும் துப்பாக்கியை இழுத்து இழுத்து அந்தச் சத்தம்தானா என்று பார்த்திருக்கிறார். பிள்ளை அதைக் கேட்டு வளர்ந்திருக்கிறாள். அதைக் கேட்ட பிறகு, போய்ச் சுட்டுவிட்டு வாருங்கள், அதோடு முடியட்டும் என்று சொன்னேன். நீங்கள் கேட்ட கடிதம் பிறகு எப்படிக் கிடைக்கும் என்று நினைத்தேன்தான். துடைத்து எண்ணெய் போட்டால் யாருக்குத் தெரியும் என்றும் நினைத்தேன்.

காலை பதினொரு மணிக்குச் சுட்டாராம். ஒரேயொரு குண்டு. அந்த நேரம் நான் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றேன். ஊர் நேரத்துக்கு வைத்த மணிக்கூட்டைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. இரவு எட்டரை. நீங்கள் சாப்பிட்டிருப்பீர்கள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்தார், சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, கட்டிலில் விழுந்தார். அடுத்த நாள் மத்தியானம்தான் எழும்பினார். குழந்தை மாதிரி வாய் திறந்து நித்திரை.

இன்றைக்கு அந்த வெள்ளைக்காரரிடம் கொண்டுபோனோம். ஜன்னல் வெளிச்சத்தில் உருளையைப் பிடித்தார். சின்ன லைற் அடித்து உள்ளே பார்த்தார். ஐந்து அறை புதுசு, ஒன்று சுட்டது என்றார். எண்ணெய் போட்டாலும் அது போகாதாம். நான் அழுதேன். ஒரு மனிதரின் உயிர் இதில் இருக்கிறது என்று சொன்னேன். அவர் நல்ல மனிதர். தண்ணீர் தந்தார். ஆனால் இல்லாததை எழுதிக் கையெழுத்து வைக்கமாட்டேன் என்றார்.

வீட்டு வாசலில் இவர், “அந்தப் பகிடிய நான் ஏன் எழுதினன்” என்றார்.

உறையை ஒட்டியது நான்.

—

வெக்ஸ்போர்ட்
24.09.1993

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நாங்கள் மூவரும் நலம். உங்கள் இருவரின் நலமறிய ஆவல்.

தாங்கள் 01.07.1993 இல் கேட்டபடி அந்தப் பொருள் பற்றிய ஆவணங்களை இத்துடன் இணைத்துள்ளேன். ஒன்று, 1967 இல் அதைச் செய்தவர்கள் பெட்டியோடு கொடுத்த, வெல்வெற்றுக்கு அடியில் இப்போதுதான் கண்டெடுத்த முத்திரைப் பத்திரம். இது சுடப்படாதது, நினைவுப் பொருள் என்று அதில் எழுதியுள்ளது, இலக்கமும் உண்டு. மற்றது, நேற்று நாங்கள் அதைப் பொலிசில் ஒப்படைத்ததற்கான பற்றுச்சீட்டு. அதிலும் அதே இலக்கம். அழித்துவிடுவார்கள். இனி அப்படி ஒன்று எங்களிடம் இல்லை.

முன்பு என் கணவர் சுட ஆசைப்பட்டதாக எழுதியிருந்தேன். தங்கள் சொல்லுக்கு மதிப்பளித்து அந்த எண்ணத்தைக் கைவிட்டார். அது ஒருபோதும் சுடப்படவில்லை என்று என் பிள்ளை மேல் சத்தியமாக எழுதுகிறேன்.

படத்தின் பின்னால் எழுதியது பகிடி. எங்கள் பக்கத்தில் அக்காவின் கணவரோடு பகிடி விடுவது வழக்கம். வேறு அர்த்தம் இல்லை.

இப்படிக்கு
கோபிகா ஜனார்த்தனன்

—

(கொழும்பில் தபாலிடப்பட்டது)
05.12.1993

என்ட கோபிக் கிளிக்கு,

அத்தான் வந்துவிட்டார். கார்த்திகை மாதம் ஒரு காலை, அதே சாரத்தோடு. உன் பத்திரங்கள்தான் கொண்டுவந்தன. நீ பிள்ளை மேல் சத்தியம் எழுதியதை நான் வாசித்தேன். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

அவர் சாப்பிடுகிறார், குளிக்கிறார், ஆட்களோடு கதைக்கிறார். நித்திரைதான் இல்லை. காதுக்குள் ஒரு சத்தம் நிற்கிறதாம்.

புரட்டாதி முதற் சனி. நான் கோயிலில் எள்ளு விளக்கு எரித்துவிட்டு எள்ளுச்சோறு கட்டிக் கொடுத்த நாள். அதனால் அவருக்கு நாள் தவறாது. அன்று இரவு எட்டரை மணியளவில், தலைக்குப் பக்கத்தில் ஒரு வெடி கேட்டதாம். ஒன்றே ஒன்று. அறையில் வேறு பதினொரு பேர். ஒருவரும் திரும்பவில்லையாம். இவருக்கு உடனே தெரிந்ததாம், அது வெடித்துவிட்டது என்று. அடுத்த நாள் கேட்டபோது ‘இல்லை’ என்று சொல்ல வாய் வரவில்லையாம். பேசாமல் நின்றாராம். பேசாமல் நின்றதற்கு என்ன நடந்தது என்று நான் எழுதமாட்டேன்.

இப்போது எழும்பி இருந்துகொண்டு என்னைக் கேட்கிறார்: “தவம், அது வெடிச்சதா? இல்லாட்டி எனக்குப் பைத்தியமா?” இரண்டில் ஒன்றுக்கு ஓம் என்று சொல்லத்தான் வேணும் என்கிறார். எனக்குப் பதில் தெரியாது. உனக்குத் தெரியும். அவருக்கு எழுது.

இந்தக் கடிதத்தையும் அன்ரனெற் ரீச்சர்தான் கொண்டுபோகிறா. உன் பதில் தபாலில்தான் வரும். அந்த மேசை இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அக்கா

—

வெக்ஸ்போர்ட்
02.01.1994

அன்புள்ள அத்தான்,

நீங்கள் வீட்டில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்களுக்கும் அக்காவுக்கும் எங்கள் பொங்கல் வாழ்த்துகள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் இருந்த அந்தப் பொருள் ஒருநாளும் வெடிக்கவில்லை. முன்பும் எழுதினேன், மீண்டும் எழுதுகிறேன். எப்போது யார் கேட்டாலும் என் பதில் இதுதான். அது இப்போது இந்த உலகத்திலேயே இல்லை. வெறும் பெட்டி மட்டும் இருக்கிறது. அட்சயாவின் சொக்ஸ்களை அதற்குள் வைத்திருக்கிறேன்.

இனி எங்கள் சுகம். இங்கே கடும் குளிர், கதவு திறக்க முடியாமல் ஸ்னோ. மேல்வீட்டுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள், காலடிச் சத்தம் கேட்கிறது. அட்சயா நடக்கிறாள். நாக்கால் ஒரு சத்தம் போட்டுத் திரிந்தாள், அதை விட்டுவிட்டாள். இப்போது அம்மா என்கிறாள், அப்பா என்கிறாள். பெரியப்பா என்று சொல்லப் பழக்குகிறேன்.

உங்கள் சகலன், அதுதான் என் கணவர், நல்ல சுகம். மூன்று வருடமாக அவருக்கு நித்திரை இல்லாமல் இருந்ததும், காதுக்குள் ஒரு சத்தம் நின்றதும் அக்காவுக்குத் தெரியும். அது நின்றுவிட்டது அத்தான். இப்போது நன்றாக நித்திரை கொள்கிறார். எப்போது நின்றது என்றுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. நல்ல நாள் என்பதால் மறக்கவில்லை. புரட்டாதி முதற் சனி. எங்கள் குசினியில் ஊர் நேரத்துக்கு ஒரு மணிக்கூடு வைத்திருக்கிறேன். அதில் இரவு எட்டரை.

உங்கள் சுகத்தை உங்கள் கையாலேயே இரண்டு வரி எழுதுங்கள்.

என்றும் அன்புடன்
கோபிகா